சான்டா குரூஸ் மவுன்டன்ஸ்: ஒயின் பாட்டில்ல இருக்கற மலைப்பேருக்கு என்னதான் அர்த்தம்?

கலிபோர்னியா ஒயின் பாட்டில் ஒன்னு, முன்பக்கம் 'சான்டா குரூஸ் மவுன்டன்ஸ்'னு போட்டிருக்கு, பின்பக்கம் அட்ரஸ் பாத்தா குப்பர்டினோன்னு இருக்கு. சான்டா குரூஸ்ங்கறது கடற்கரை ஊரு, குப்பர்டினோ மலைக்கு இந்தப் பக்கம் ஆப்பிள் கம்பெனி இருக்கற ஊரு (நம்ம ஆளுங்களுக்கு சொல்லவே வேணாம், பாதி பேருக்கு சொந்தக்காரங்க அங்கதான் இருப்பாங்க), ரெண்டுக்கும் நடுவுல ஒரு மலைத்தொடரே படுத்துக் கிடக்கு. அப்போ எந்த ஊரு ஒயின் இது?

இதுல ரெண்டு விதமா குழம்பறாங்க. ஒரு கோஷ்டி, அட்ரஸ் ஒன்னு பேரு ஒன்னு, இது ஏமாத்து வேலைன்னு சொல்லுது. இன்னொரு கோஷ்டி, அந்தப் பேரு இருந்தா அரசாங்கமே குடிச்சுப் பாத்து 'நல்ல சரக்கு'ன்னு முத்திரை குத்தின மாதிரின்னு நினைக்குது. ரெண்டுமே தப்பு. அந்தப் பேரு ஒரு எல்லைக்கோட்டோட பேரு, அந்தக் கோடு எங்க போகுது எதுக்காக அப்படிப் போகுதுன்னு தெரிஞ்சாத்தான் பாட்டில்ல இருக்கற மத்த வார்த்தைகளும் புரியும்.

ஏவிஏ-ன்னா என்ன

அமெரிக்காவுல திராட்சை விளையற இடத்துக்கு அரசாங்கம் குடுக்கற அதிகாரபூர்வமான பேருக்குத்தான் ஏவிஏ-ன்னு பேரு, அமெரிக்கன் விட்டிகல்ச்சரல் ஏரியா. இதுக்கான விதிமுறை 1978-ல வந்துச்சு. முதல் ஏவிஏ கலிபோர்னியாவுல இருக்கும்னுதான் எல்லாரும் நினைப்பாங்க, ஆனா அது மிசூரி மாநிலத்துல இருக்கற அகஸ்டா, 1980 ஜூன்ல. கலிபோர்னியாவோட பேர்போன ஒயின் பகுதியான நாபா வேலி 1981-லதான் வந்துச்சு. சான்டா குரூஸ் மவுன்டன்ஸுக்கு 1981 டிசம்பர்ல உத்தரவு வந்து 1982 ஜனவரியில அமலுக்கு வந்துச்சு. இன்னிக்கு நாடு முழுக்க 270-க்கு மேல ஏவிஏ இருக்கு, அதுல பாதிக்கு மேல கலிபோர்னியாவுலயே.

அப்போ இதைப் பாத்துக்கிட்டது ஏடிஎஃப், அதாவது மது, புகையிலை, துப்பாக்கி மூணையும் ஒரே ஆபீஸ்ல வச்சு மேய்ச்ச துறை. 2003-ல அதைப் பிரிச்சு, மது, புகையிலை வரி சமாச்சாரம் எல்லாம் நிதித்துறைக்குக் கீழ இருக்கற டிடிபி-ங்கற அமைப்புக்குப் போயிருச்சு. ஒயின் லேபிளை வரி ஆபீஸ் பாக்குதுங்கறதை மனசுல வச்சுக்குங்க, ருசிக்கும் அவங்களுக்கும் சம்பந்தமே இல்லைங்கறது அதுலயே தெரிஞ்சுரும்.

ஒரு இடத்துக்கு ஏவிஏ வேணும்னா யாரு வேணா மனு போடலாம். மனுவுல காட்ட வேண்டியது:

1. அந்த இடத்தை உண்மையிலேயே அந்தப் பேர்ல ஜனங்க கூப்பிடறாங்கன்னு ஆதாரம்.
2. எல்லையை ஏன் அங்க போட்டோம்னு காரணம்.
3. எல்லைக்கு உள்ள இருக்கறது வெளிய இருக்கறதை விட எப்படி வித்தியாசம்னு விவரம். வெயில், மழை, காத்து, மண்ணு, பாறை, உயரம் இந்த மாதிரி. அரசியல் எல்லை, சொத்து எல்லை எல்லாம் இதுக்கு செல்லாது.
4. நில அளவைத் துறை வரைபடத்து மேல கோடு போட்டு, 'இந்த முனையில ஆரம்பிச்சு இந்த ரோடு வழியா போய் இந்த உயரக்கோட்டைப் புடிச்சு'ன்னு வார்த்தையிலயும் எழுதித் தரணும்.

அப்புறம் அதை அரசிதழ்ல போட்டு மக்கள்கிட்ட கருத்து கேப்பாங்க, ஆட்சேபணை இருந்தா அலசுவாங்க, கடைசியில விதியா எழுதிருவாங்க. இதுல எந்தக் கட்டத்துலயும் ஒரு சொட்டு ஒயினைக் கூட யாரும் குடிச்சுப் பாக்கறது இல்ல.

லேபிள் கணக்கு

பேரு வாங்கியாச்சு, இனி அதை பாட்டில்ல போட என்ன கண்டிஷன்னா, ஒயின்ல 85 சதவீதமாவது அந்த எல்லைக்குள்ள விளைஞ்ச திராட்சையில இருந்து வந்திருக்கணும். அதோட ஒயினை அந்த மாநிலத்துக்குள்ளயே செஞ்சு முடிச்சிருக்கணும். கவனிங்க, *மாநிலத்துக்குள்ள*, ஏவிஏ-க்குள்ள இல்ல. அட்ரஸ் குழப்பத்துக்கு பதில் இதுதான். ஒயினரி, அதாவது ஒயின் செய்யற இடம், எங்க இருக்குங்கறது வேற, திராட்சை எங்க விளைஞ்சதுங்கறது வேற. மலையில விளைஞ்ச பழத்தை லாரியில ஏத்திட்டு வந்து கீழ டவுன்ல செஞ்சாலும் மலைப்பேரு போடலாம். மலையில செஞ்சுட்டு மலைக்கு வெளிய மான்டரேல விளைஞ்ச பழத்தைப் போட்டா மலைப்பேரு போட முடியாது.

மத்த கணக்குகளையும் பாத்துருவோம், எல்லாம் ஒன்னோட ஒன்னு பின்னிக் கிடக்கு:

1. கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) பேரு போடணும்னா 75 சதவீதம் போதும்.
2. திராட்சை ரகத்தோட பேரு, உதாரணத்துக்கு பினோ நுவார்னு போட்டா அந்த ரகம் 75 சதவீதம் இருக்கணும், அந்த 75-ம் லேபிள்ல சொன்ன இடத்துலயே விளைஞ்சிருக்கணும். 1983-க்கு முன்னாடி இது வெறும் 51 சதவீதம்தான்.
3. வருஷம் போட்டா, ஏவிஏ ஒயின்ல 95 சதவீதம் அந்த வருஷத்து அறுவடையா இருக்கணும்.
4. குறிப்பிட்ட ஒரு தோட்டத்தோட பேரைப் போட்டா 95 சதவீதம் அந்தத் தோட்டத்துப் பழம்.
5. இது போக கலிபோர்னியா மாநிலத்தோட சொந்தச் சட்டம் ஒன்னு இருக்கு. கலிபோர்னியா பேரையோ அதுக்குள்ள இருக்கற எந்த இடத்து பேரையோ போட்டா 100 சதவீதம் கலிபோர்னியா திராட்சை.

1,000 லிட்டர் டேங்க் ஒன்னை நினைச்சுக்குங்க. 850 லிட்டர் மலைப்பழம், 150 லிட்டர் கீழ சமவெளிப் பழம், மலைப்பேரு போடலாம், தப்பே இல்ல. 840 லிட்டர் மலைப்பழம்னா போட முடியாது. 10 லிட்டர் வித்தியாசத்துல யாரு நாக்கும் எதையும் கண்டுபிடிக்காது, ஆனா பேரு போயிரும். சரி, மலைப்பேரு போனா கவுண்டி பேரு போட்டுக்கலாமேன்னு தோணும். அங்கதான் இந்த மலையோட தலைவலி.

மூணு கவுண்டியில ஒரு மலை

வரைபடத்துல சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் தெக்க பாருங்க. மேற்குல பசிபிக் கடல், கிழக்குல விரிகுடாவும் சிலிக்கான் வேலியும், நடுவுல வடக்கு தெக்கா போற மலைத்தொடர். ஏவிஏ வடக்குல ஹாஃப் மூன் பே பக்கம் ஆரம்பிச்சு தெக்க வாட்சன்வில் பக்கத்து மவுன்ட் மடோனா வரைக்கும் நீளுது. மொத்தப் பரப்பு 3 லட்சம் ஏக்கருக்கு மேல, ஆனா அதுல திராட்சை இருக்கறது சுமார் 1,500 ஏக்கர்தான். மீதி எல்லாம் ரெட்வுட் காடு, செங்குத்துச் சரிவு, பூங்கா, வீடு. ஒரு தோட்டத்துல இருந்து அடுத்த தோட்டத்துக்குப் போக அரை மணி நேரம் வளைஞ்சு வளைஞ்சு வண்டி ஓட்டணும்.

மலை சான் மட்டியோ, சான்டா கிளாரா, சான்டா குரூஸ்னு மூணு கவுண்டியில கிடக்கு. கவுண்டி எல்லை நிறைய தூரம் மலை முகட்டு மேலயே போகுது. அதனால முகட்டுக்கு ரெண்டு பக்கமும் தோட்டம் வச்சிருக்கறவர், ஒரே மலை, ஒரே காத்து, ஒரே அறுவடைன்னாலும், பாதிப்பாதி கலந்து ஒயின் பண்ணா எந்தக் கவுண்டிக்கும் 75 சதவீதம் தேறாது. ஏவிஏ வர்றதுக்கு முன்னாடி பெரும்பாலும் 'கலிபோர்னியா'ன்னுதான் போட்டிருக்கணும். கலிபோர்னியான்னா மத்திய சமவெளியில டன் கணக்குல விளையற மலிவுப் பழமும் அதே கலிபோர்னியாதான். மலைச்சரிவுல கொஞ்சூண்டு மகசூலுக்கு அத்தனை பாடுபட்டு அதே பேர்ல விக்கணும்னா யாருக்கு மனசு வரும்? மலைக்காரங்க இவ்ளோ சீக்கிரம், ஏவிஏ முறை ஆரம்பிச்ச கொஞ்ச வருஷத்துலயே போய் நின்னதுக்கு இதுதான் காரணம்னு எனக்குத் தோணுது.

கோடு ஏன் 400 அடியில, ஏன் 800 அடியில

இதுதான் இந்த ஏவிஏ-வோட உயிர்நாடி, இதை மெதுவா பாக்கணும்.

பள்ளத்தாக்குக்கு எல்லை போடறது சுலபம், ரெண்டு பக்கமும் மலை இருக்கு, நடுவுல இருக்கறது பள்ளத்தாக்கு. மலைக்கு எல்லை எங்க போடுவீங்க? மலை எங்க ஆரம்பிக்குது? இவங்க சம உயரக் கோட்டைப் புடிச்சாங்க, அதாவது வரைபடத்துல ஒரே உயரத்துல இருக்கற இடத்தை எல்லாம் சேக்கற கோடு. கடல் பக்கம் சுமார் 400 அடி, விரிகுடா பக்கம் சுமார் 800 அடி. அதுக்கு மேல இருந்தா உள்ள, கீழ இருந்தா வெளிய. அங்கங்க ரோடு, ஓடைன்னு குறுக்க வரும், ஆனா அடிப்படை இதுதான். மலையோட அமைப்பையே எல்லையா வச்ச முதல் சில ஏவிஏ-க்கள்ல இது ஒன்னு. இதனாலதான் சான்டா குரூஸ் டவுன் சான்டா குரூஸ் மவுன்டன்ஸுக்குள்ள வராது, அது கடல் மட்டத்துல இருக்கு.

இந்த உயரக் கணக்குக்குப் பின்னாடி இருக்கறது மூடுபனி. நம்ம ஊர்ல ஊட்டி, கொடைக்கானல் ஏறினா மேல போகப் போக மேகத்துக்குள்ள நுழையறோம், கீழ வெயில், மேல குளிர். இந்த மலையில கோடைக்காலத்துல அது தலைகீழ். எப்படின்னா:

1. கலிபோர்னியா கரையோரம் கோடையில வடமேற்குக் காத்து கடலோட மேல்தண்ணியைத் தள்ளி விட்டுட்டே இருக்கும், அந்த இடத்துக்கு அடியில இருந்து சில்லுனு தண்ணி மேல வரும்.
2. அந்தக் குளிர்ந்த தண்ணி மேல ஈரக்காத்து வந்தா, அதுல இருக்கற நீராவி குளிர்ந்து பொடிப்பொடி நீர்த்துளியாகி பனிமூட்டமா மாறுது.
3. அதுக்கு மேல வெதுவெதுப்பான காத்து ஒரு மூடி மாதிரி உக்காந்திருக்கும். சாதாரணமா மேல போனா குளிரணும், இங்க மூடியைத் தாண்டினா சூடு. அதனால பனிமூட்டம் மேல எழும்ப முடியாம கீழயே தேங்கி நிக்கும்.
4. உள்நாட்டுல வெயில் கொளுத்தறதால அந்தக் குளிர்காத்தை உள்ள இழுக்கும், ஆனா குறுக்க மலை. மேகம் மலையோட இடுப்பு வரைக்கும் ஏறி நிக்கும், சந்து கிடைச்ச இடத்துல மட்டும் வழிஞ்சு உள்ள போகும்.

அதனால காலையில கடற்கரையில இருக்கறவனுக்கு வானம் சாம்பல் நிறம், மலைமேல இருக்கறவனுக்கு பளீர்னு வெயில், அவன் குனிஞ்சு பாத்தா கீழ வெள்ளை வெளேர்னு மேகக்கடல். ராத்திரி ஆனா இன்னொரு கூத்து. குளிர்ந்த காத்து கனமா இருக்கறதால சரிவுல வழுக்கிட்டு கீழ சமவெளிக்குப் போயிரும், சரிவு ஓரளவு கதகதப்பாவே இருக்கும். மொத்தத்துல சமவெளியில பகல்ல சூடு, ராத்திரி குளிர்னு ஏத்த இறக்கம் அதிகம், மலைச்சரிவுல பகலும் அவ்ளோ சூடில்ல ராத்திரியும் அவ்ளோ குளிரில்ல.

திராட்சைக்கு இது முக்கியம். பகல் சூடு ஏறினா பழத்துல சர்க்கரை மளமளன்னு ஏறும், புளிப்பு இறங்கிரும், வாசனை வர்றதுக்குள்ள பறிக்க வேண்டி வந்துரும். நிதானமான சீதோஷ்ணத்துல பழம் மெதுவா கனியும், சர்க்கரையும் வாசனையும் கூடவே சேந்து வரும். கிழக்கு பக்கம் 800 அடிக்குக் கீழ போனா அது சமவெளி வெயில், வேற கதை. மேற்கு பக்கம் 400 அடிக்குக் கீழ போனா பனியிலயே ஊறிக் கிடக்கற கடலோரத் திட்டு, அதுவும் வேற கதை. கோட்டை ரெண்டு பக்கமும் ரெண்டு உயரத்துல போட்டதோட அர்த்தம் இதுதான்.

ஆனா கோட்டுக்கு உள்ள எல்லாம் ஒன்னுன்னு நினைச்சுராதீங்க. முகட்டுக்கு கடல் பக்கம் குளிர்ச்சி, அங்க பினோ நுவார் நல்லா வருது. விரிகுடாவைப் பாத்த பக்கம், பனிக்கு மேல, வெயில் ஜாஸ்தி, அங்க கேபர்னே சோவின்யான். ஷார்டனே ரெண்டு பக்கமும் வரும். மழையும் அப்படித்தான், சான் ஹோசேல வருஷத்துக்கு சுமார் 15 அங்குலம், மலைக்கு அந்தப் பக்கம் பென் லோமண்ட் பகுதியில அதைப் போல மூணு மடங்குக்கு மேல. ஐரோப்பாவுல இந்த அளவு வித்தியாசம் இருந்தா ரெண்டு மூணு தனித்தனிப் பேரா பிரிச்சிருப்பாங்க.

மண்ணைப் பத்தி ஒரு வார்த்தை. சான் ஆண்ட்ரியாஸ் பிளவு இந்த மலை வழியாத்தான் போகுது, 1989-ல பே ஏரியாவையே ஆட்டுன 6.9 அளவுள்ள லோமா பிரியேட்டா பூகம்பம் இந்த மலையிலதான் கிளம்புச்சு. பிளவுக்கு ஒரு பக்கம் பசிபிக் தட்டு, இன்னொரு பக்கம் வட அமெரிக்கத் தட்டு, அதனால பாறையும் வேற வேற. மேற்குல களிப்பாறை, மணற்பாறை, பென் லோமண்ட்ல கிரானைட். கிழக்குல மான்டே பெல்லோ முகட்டுல பச்சைப்பாறையும், கலிபோர்னியா ஒயின் பகுதிகள்ல அபூர்வமான சுண்ணாம்புக்கல்லும். மண்ணால ஒயினுக்கு என்ன ருசி வருதுன்னு ஆளாளுக்கு அளந்து விடுவாங்க, அதுக்குள்ள நான் போகல. ஒன்னு மட்டும் நிச்சயம், மேல்மண்ணு மெலிசு, தண்ணி நிக்காது, கொடி ஓவரா வளராது, காய்ப்பு கம்மி, பழம் சின்னது.

பேருக்கு முன்னாடி வந்த ஒயின்

ஏவிஏ வந்ததால இந்த மலைக்கு மவுசு வந்துச்சுன்னு சொல்றது தப்பு. மான்டே பெல்லோ முகட்டுல 1880-கள்லயே ஒசேயா பெரோனேங்கற சான் ஃபிரான்சிஸ்கோ டாக்டர் கொடி நட்டாச்சு. சரடோகாவுக்கு மேல பால் மாசான்ங்கற ஒயின்காரர் தோட்டம் போட்டாரு. 1920-ல மதுவிலக்கு வந்து 1933 வரைக்கும் எல்லாத்தையும் முடக்கிப் போட்டுருச்சு. அதுக்கப்புறம் மாசானோட கம்பெனியை 1936-ல வாங்கின மார்ட்டின் ரேங்கறவரு கொஞ்சம் முரட்டு ஆளு. சட்டப்படி 51 சதவீதம் போதும்னு இருந்த காலத்துல, கேபர்னேன்னு போட்டா 100 சதவீதமும் கேபர்னேயா இருக்கணும்னு ஊரோட சண்டை போட்டவரு. பின்னாடி அவர் பக்கத்துக் குன்றுல போட்ட தோட்டம்தான் இன்னிக்கு மவுன்ட் ஈடன் ஒயினரி.

மான்டே பெல்லோவை 1959-ல ஸ்டான்ஃபோர்ட் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட்ல வேலை பாத்த சில இன்ஜினியர்கள் வீக்கெண்ட்ல போய் வரலாம்னு வாங்கினாங்க, அதுல இருந்து வந்ததுதான் ரிட்ஜ் ஒயினரி. 1976 மே 24-ல பாரிஸ்ல பிரெஞ்சு ஒயினையும் கலிபோர்னியா ஒயினையும் பேரை மறைச்சு வச்சு ருசி பாத்த அந்தப் பிரபலமான போட்டியில, ரிட்ஜோட 1971 மான்டே பெல்லோ சிவப்பு ஒயின்கள்ல அஞ்சாவதா வந்துச்சு. முதல் இடம் நாபாவுக்குப் போச்சு, பேரும் நாபாவுக்கே போச்சு. சரியா முப்பது வருஷம் கழிச்சு 2006-ல அதே பழைய ஒயின்களைத் திரும்ப வச்சு போட்டி நடத்தினப்போ முதல் இடம் மான்டே பெல்லோவுக்கு. இது எல்லாத்தையும் சாதிச்ச 1971 ஒயின் செஞ்சப்போ சான்டா குரூஸ் மவுன்டன்ஸ்ங்கற ஏவிஏ-வே கிடையாது.

சுத்தி இருக்கற பெரிய பேர்ல ஏன் இல்ல

ஏவிஏ-க்குள்ள ஏவிஏ இருக்கலாம். நாபா வேலிக்குள்ள பல சின்ன ஏவிஏ இருக்கு, நாபா வேலியே நார்த் கோஸ்ட்ங்கற பெரிய ஏவிஏ-க்குள்ள இருக்கு. சின்னப் பேர்ல விக்க முடியலைன்னா பெரிய பேர்ல வித்துக்கலாம், ஒரு பாதுகாப்பு வலை மாதிரி.

1999-ல சான் ஃபிரான்சிஸ்கோ பே-ன்னு ஒரு பெரிய ஏவிஏ வந்துச்சு, அது சென்ட்ரல் கோஸ்ட்ங்கற அதைவிடப் பெரிய ஏவிஏ-க்குள்ளயும் சேந்துச்சு. வரைபடத்துல பாத்தா சான்டா குரூஸ் மவுன்டன்ஸை ஒட்டி உரசிக்கிட்டு நிக்குது, ஆனா மலையை மட்டும் வெட்டி எடுத்து வெளிய விட்டுட்டாங்க. காரணம் நேரா இருக்கு: அந்தப் பெரிய ஏவிஏ-க்கு அடிப்படையே விரிகுடா வழியா உள்ள வர்ற கடல்காத்துதான், மலையோட அடிப்படை உயரமும் பனிக்கு மேல இருக்கறதும். ரெண்டும் ஒன்னுன்னு சொன்னா மலைக்காரங்க 1981-ல வச்ச வாதமே அடிபட்டுப் போயிரும்.

இதோட விலை என்னன்னா, வலை கிடையாது. மலைப்பழத்தோட பக்கத்து மாவட்டப் பழத்தைப் பாதிக்குப் பாதி கலந்தா சென்ட்ரல் கோஸ்ட்னு போட முடியாது, பெரும்பாலும் நேரா கலிபோர்னியாவுக்கே இறங்கணும். கௌரவத்துக்காக கூட்டுக்குடும்பத்துல இருந்து தனிக்குடித்தனம் போன மாதிரி.

உள்ள பிரிக்கற விஷயத்துல நேர் எதிர்ப் பிரச்சனை. 1987 கடைசியில பென் லோமண்ட் மவுன்டன்னு ஒரு உள் ஏவிஏ-வுக்கு உத்தரவு வந்துச்சு. 38,000 ஏக்கருக்கு மேல பரப்பு, ஆனா திராட்சை நூறு ஏக்கர் கூடக் கிடையாது. அந்தப் பேரை பாட்டில்ல பாக்கறதே அபூர்வம். கடல் பக்கத்து பினோவும் முகட்டு கேபர்னேயும் ஒரே பேர்ல வர்றது அபத்தம்னு நான் நினைக்கறேன், ஆனா இருக்கறதே 1,500 ஏக்கர், அதையும் நாலா ஆறா உடைச்சா கடைக்காரனுக்கே பேரு ஞாபகம் இருக்காதுங்கற வாதத்தையும் தள்ள முடியல.

இந்த அங்கீகாரம் எதைச் சொல்லல

பிரெஞ்சு முறையில ஒரு இடத்துப் பேரை வாங்கினா கூடவே கண்டிஷன் மூட்டையும் வரும். இந்த ரகம்தான் நடணும், ஏக்கருக்கு இவ்ளோதான் மகசூல், இப்படித்தான் செய்யணும்னு. பிரான்ஸ்ல பர்கண்டி பகுதி சிவப்பு ஒயின்னா கிட்டத்தட்ட பினோ நுவார்தான். ஏவிஏ அப்படி இல்ல. எந்த ரகம் வேணா நடலாம், எவ்ளோ வேணா விளைவிக்கலாம், தண்ணி பாய்ச்சலாம். பேரு சொல்றது இடத்தை மட்டும்தான்.

நம்ம ஊர்ல இதுக்குக் கிட்ட வர்றது புவிசார் குறியீடு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல கிடைச்சுது, கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல. ஆனா அதுல மனு போடறப்பவே பொருளோட தன்மை என்ன, அது அந்த ஊரோட எப்படி சம்பந்தப்பட்டது, எப்படி விளைவிக்கறாங்கன்னு காட்டணும், அந்தப் பேரைப் பயன்படுத்தறவங்களும் பதிவு பண்ணிக்கலாம். ஏவிஏ-ல பொருளே கிடையாது, நிலம் மட்டும்தான். இருந்தாலும் ரெண்டுக்கும் ஒரு இடத்துல முடிச்சு இருக்கு. உலக வர்த்தக அமைப்போட டிரிப்ஸ்ங்கற அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தத்துல ஒயினுக்கும் மதுவகைக்கும் மத்த பொருளை விட ஒரு படி கூடுதல் பாதுகாப்பு உண்டு. நாபா வேலி ஒயின்காரங்க இந்தியாவுலயே புவிசார் குறியீடு வாங்கி வச்சிருக்காங்க, நம்ம பதிவேட்டுல ஷாம்பெய்ன், ஸ்காட்ச் விஸ்கியோட அதுவும் இருக்கு.

அப்புறம் பிராண்டு பேர்ல ஒரு ஓட்டை. ஊர்ப்பேரை கம்பெனிப் பேரா வச்சுக்கிட்டு வெளியூர்ப் பழத்துல செஞ்சா? 1986 ஜூலைக்கு முன்னாடி இருந்தே புழக்கத்துல இருந்த பிராண்டுகளுக்கு மத்திய விதியில விலக்கு இருந்துச்சு. 'நாபா ரிட்ஜ்' அப்படி ஒரு பிராண்டு, உள்ள இருந்தது நாபாவுக்கு வெளிய விளைஞ்ச பழம். கலிபோர்னியா 2000-ல நாபா பேருக்கு மட்டும் தனிச்சட்டம் போட்டு ஓட்டையை அடைச்சுது, கம்பெனி கோர்ட்டுக்குப் போச்சு, 2004-ல மாநில உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும்னு சொல்லிருச்சு. அதனால பாட்டில்ல பெருசா இருக்கற பிராண்டு பேரை விட்டுட்டு, சின்ன எழுத்துல இருக்கற இடப்பேரைப் பாக்கறதுதான் புத்திசாலித்தனம்.

நடைமுறையில என்ன ஆகுது

1. 'எஸ்டேட் பாட்டில்ட்'னு இருந்தா அதுக்கு அர்த்தம் ரொம்ப கறார். சொந்தத் தோட்டம் இல்லைன்னா முழுக் கட்டுப்பாட்டுல இருக்கற தோட்டம், 100 சதவீதம் அந்தப் பழம், தோட்டமும் ஒயினரியும் ரெண்டுமே *ஒரே* ஏவிஏ-க்குள்ள, நசுக்கறதுல இருந்து பாட்டில்ல அடைக்கற வரைக்கும் அங்கயே. மலையில தோட்டம் வச்சுக்கிட்டு கீழ சமவெளியில ஷெட் போட்டவர் மலைப்பேரைப் போடலாம், எஸ்டேட் பாட்டில்ட்னு போட முடியாது. 800 அடிக் கோட்டுக்கு மேல இருக்கமா கீழ இருக்கமாங்கறது அந்த வார்த்தைக்காக காசு ஆகுது.

2. வெறும் 'எஸ்டேட்'னு அழகுக்குப் போட்டிருந்தாலோ, 'ரிசர்வ்', 'ஓல்ட் வைன்' (வயசான கொடி)னு எல்லாம் இருந்தாலோ, அதுக்கு மத்திய விதியில கறாரான விளக்கம் எதுவும் இல்ல. காசு குடுக்கறதுக்கு முன்னாடி யோசிங்க.

3. பேரிடர் வருஷத்துல இந்த 85 சதவீதம் கழுத்தைப் புடிக்கும். 2020 ஆகஸ்ட்ல மின்னல் அடிச்சுப் பத்திக்கிட்ட சிஇசட்யு-ங்கற காட்டுத்தீ, சான்டா குரூஸ், சான் மட்டியோ கவுண்டிகள்ல 86,000 ஏக்கருக்கு மேல எரிச்சுது. தீ படாத தோட்டத்துலயும் புகை படிஞ்சுது. புகையில இருக்கற ரசாயனம் பழத்தோல் வழியா உள்ள போய் சர்க்கரையோட ஒட்டிக்கிட்டு மறைஞ்சு இருக்கும், பழத்தைத் தின்னா தெரியாது, நொதிக்கறப்பவும் அப்புறம் பாட்டில்லயும்தான் சாம்பல் வாசம் வெளிய வரும். அந்த வருஷம் பல பேர் சிவப்பு ஒயினே செய்யாம விட்டாங்க. வெளியூர்ப் பழம் வாங்கி சமாளிக்கலாம், ஆனா 15 சதவீதத்துக்கு மேல போனா மலைப்பேரு கிடையாது. அதுவே சமவெளிப் பெரிய ஏவிஏ-வா இருந்தா நூறு மைல் தள்ளி புகை படாத இடத்துப் பழம் கூட அதே பேருக்குள்ள வந்திருக்கும்.

4. விலை. மகசூல் கம்மி, சரிவுல மெஷின் ஏறாது, கையாலதான் எல்லா வேலையும், கீழ சிலிக்கான் வேலி இருக்கறதால நிலத்து விலை எங்கயோ இருக்கு. பாட்டில் விலைக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான், ஏவிஏ முத்திரை இல்ல.

கோடு நகராது, பனி நகரும்

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. வடக்கு கலிபோர்னியா கரையோரக் கோடைப் பனிமூட்டம் இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்துல இருந்ததை விட சுமார் மூணுல ஒரு பங்கு குறைஞ்சிருக்குன்னு 2010-ல ரெட்வுட் காடுகளை வச்சு செஞ்ச ஒரு ஆய்வு சொல்லுச்சு. ரெட்வுட்டுக்கு கோடையில தண்ணியே பனிதான், அதனால அவங்க கவலை மரத்தைப் பத்தி. ஆனா அதே பனியைத்தான் இந்த ஏவிஏ எல்லையா வச்சிருக்கு. பனி மெலிஞ்சா, இன்னிக்கு 400 அடிக்குக் கீழ திராட்சைக்கு லாயக்கில்லைன்னு விட்ட கடலோரத் திட்டு நாளைக்கு நல்ல பினோ நிலமா மாறலாம், 1,000 அடியில இருக்கற பினோ தோட்டத்துக்கு வெயில் தாங்காமலும் போகலாம். சட்டப் புத்தகத்துல இருக்கற கோடு 1981-ல இருபதுக்கும் மேற்பட்ட வரைபடங்கள்ல வரைஞ்சது, அது தன்னால எங்கயும் போகாது. மாத்தணும்னா மறுபடி மனு, மறுபடி வரைபடம், மறுபடி வெப்பநிலைக் கணக்கு, மறுபடி அரசிதழ். கோட்டுக்குக் கீழ நிலம் வச்சிருக்கறவர் 'என்னையும் சேத்துக்குங்க'ன்னு கேப்பாரு, மேல இருக்கறவர் ஆட்சேபணை போடுவாரு. அந்த ஃபைலை எடுத்துப் பாக்கப் போறதும் அதே வரி ஆபீஸ்தான்.